கரண்ட் இல்லாமல் ஆடிய ஃபேன்

சென்னைவாசிகளுக்கு நில அதிர்ச்சி என்றால் அதில் ஒரு தனி ருசி. பூமி ஆடி முடித்த அடுத்த நிமிஷம் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "உனக்குத் தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்று சொல்பவர் ஏதோ பத்மஸ்ரீ வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து நிற்பார். தெரியவில்லை என்பவர் முகம், சர்க்கரை தீர்ந்த பிறகு ரேஷன் கடைக்குப் போய்ச் சேர்ந்தவர் முகம் மாதிரி தொங்கிவிடும். அப்புறம் மெதுவாக, "இல்ல, லேசா ஒரு மாதிரி இருந்துச்சு..." என்று அவரும் கூட்டத்தில் சேர்ந்துகொள்வார்.

நான் ரொம்ப வருஷம் அந்த இரண்டாவது கோஷ்டியில் இருந்தேன். 2001 செப்டம்பர் 25-ம் தேதி ராத்திரி எட்டரை மணி வாக்கில் பாண்டிச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் பூமி குலுங்கியது. சென்னையில் பாதிப் பேர் தெருவுக்கு ஓடி வந்தார்கள். நான் அப்போது டியூஷன் முடிந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நம்ம ஊர் பஸ்ஸில் இருப்பவனுக்கு நிலநடுக்கத்தை எப்படி சார் தனியாகப் பிரித்துத் தெரியும்? அடுத்த வருஷம், 2002-ல், நில அதிர்ச்சி வரைபடத்தைத் திருத்தியபோது சென்னையை இரண்டாவது மண்டலத்திலிருந்து மூன்றாவது மண்டலத்துக்கு மாற்றினார்கள். அதாவது, 'உங்களுக்கும் மிதமான ஆபத்து உண்டு' என்று பிரமோஷன்!

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மேல் சென்னையில் கட்டில்கள் ஆடின. ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு என் கட்டில் ஆடினால் அது அம்மா எழுப்புகிறாள் என்று அர்த்தம். திரும்பிப் படுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த நாள் அப்புறம் எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆக, நான் முழித்துக்கொண்டு, உட்கார்ந்துகொண்டு, சுயநினைவோடு அனுபவித்த முதல் நிலநடுக்கம் 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. இடம்: பழவேற்காடு.

* * *

புதன்கிழமை ஆபீஸில் இல்லாமல் பழவேற்காட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மார்ச் 31-க்குக் கணக்கு முடிக்கிற கூத்து அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்காரர்களுக்குத் தெரியும். பத்து நாள் ராத்திரி பகலாக டேலி ஆகாத ஏழு ரூபாய் ஐம்பது பைசாவைத் தேடியதற்கு ஈடாக ஒரு நாள் லீவு கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலி நண்பன் பழவேற்காட்டு மீனவக் குப்பத்துப் பையன். "டேய், வீட்டுக்கு வா. இறாலுன்னா இன்னான்னு காட்டுறேன்" என்றான். இதற்கு மேல் அழைப்பிதழ் வேண்டுமா?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டர். பொன்னேரி தாண்டியதுமே காற்றில் உப்பு வாசனை வந்துவிடும். ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம்மிடம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நீண்ட மணல் திட்டு. அதன் வடபகுதிதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற அதே ஸ்ரீஹரிகோட்டா.

காலையில் நண்பன் ஊரைச் சுற்றிக் காட்டினான். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைநகரமே இதுதான், 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றுகிற வரை. கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள் நின்று நம்மை வரவேற்கின்றன. "சாப்பாட்டுக்கு முன்னாடி இதையா காட்டுவ?" என்றேன்.

"படகுல கூட்டிட்டுப் போலாம்னு பார்த்தா, இப்ப விட மாட்டாங்க" என்றான். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரிக்குச் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்து போயிருந்தார்கள். நாலு மாசம்கூட முடியவில்லை. அதற்கப்புறம் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை.

கரையில் உட்கார்ந்து அவன் விளக்கிய ஒரு சமாச்சாரம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அதற்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க, தலைமுறை தலைமுறையாக ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பெயர் 'பாடு'. இன்றைக்கு இந்த இடத்தில் உன் வலை, நாளைக்கு அவன் வலை என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. அவரவர் முறை எப்போது என்பது அவரவருக்கு மனப்பாடம். நம் ஆபீஸில் ஒரு ஜெராக்ஸ் மிஷினை இப்படிப் பங்கு போட முடியாது.

* * *

நண்பன் வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த கான்க்ரீட் வீடு. அந்த வரிசைக்கே 'சுனாமி குவார்ட்டர்ஸ்' என்றுதான் பெயர். அதற்கு முன்னால் அவர்கள் ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பத்தில் இருந்தார்களாம். வீட்டில் அவன் அம்மா, சித்தப்பா, எழுபது தாண்டிய ஆயா. அப்பா போட்டோ சுவரில் மாலையோடு இருந்தது. ஆபீஸில் அவன் அப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் கேட்டதில்லை.

சாப்பாடு? அதை எழுதினால் தனியாக நாலு பக்கம் வேண்டும். இறால் தொக்கு, நண்டுக் குழம்பு, மடவை வறுவல். மூன்றாவது தடவை சோறு போட்டபோது வேண்டாம் என்று கை மறித்தேன். கைக்கு மேலேயே போட்டார் அவன் அம்மா.

2012 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் மின்வெட்டு கொடிகட்டிப் பறந்த வருஷம். சென்னையில் பரவாயில்லை, எல்லை தாண்டினால் கரண்ட் விருந்தாளி மாதிரி எப்போதாவது வந்துவிட்டுப் போகும். அன்றும் மத்தியானம் கரண்ட் இல்லை. டி.வி. கிடையாது, ஃபேன் கிடையாது. சாப்பிட்ட களைப்பில் சுவரில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி இரண்டே கால் இருக்கும். ஃபேன் ஆடியது.

சுற்றவில்லை சார், ஆடியது. கோயில் யானை நின்ற இடத்தில் அசையுமே, அந்த மாதிரி மெதுவாக இடது பக்கம், மெதுவாக வலது பக்கம். தலை சுற்றுகிறதோ என்று கண்ணை மூடினேன். மூடினால் சுவரே முதுகை லேசாகத் தள்ளி, லேசாக இழுத்தது. சொம்பில் இருந்த தண்ணீர் தளும்பி ஓரமாக வழிந்தது. வயிற்றுக்குள் போன இறால்களெல்லாம் மறுபடி நீந்த ஆரம்பித்துவிட்டன.

நிலநடுக்கம் என்றால் சினிமாவில் காட்டுவார்களே, சுவர் பிளந்து, பாத்திரம் உருண்டு, ஹீரோ ஹீரோயினைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. அதில் ஒன்றும் இல்லை. ஏதோ பெரிய கப்பலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, ஓசைப்படாமல் ஒரு தாலாட்டு. அதுதான் பயமாக இருந்தது. தரை என்பது ஆடாது என்ற நம்பிக்கையில்தானே நாம் எழுந்து பல் தேய்த்து ஆபீஸ் போகிறோம்!

பக்கத்து வீட்டுப் பெண் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்: "இன்னா ஆயா, ராக்கெட்டு வுட்டுட்டாங்களா?"

நியாயமான சந்தேகம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் இங்கே ஜன்னல் கதவு அதிர்வது சகஜம். (அடுத்த ராக்கெட் பதினைந்து நாள் கழித்துத்தான் கிளம்பியது. ஏப்ரல் 26 விடிகாலை, ரிசாட்-1 என்ற செயற்கைக்கோளை ஏற்றிக்கொண்டு.)

ஆயா எழுந்து நின்றார். அதுவரை பாக்கு இடித்துக்கொண்டிருந்த கிழவி, உலக்கையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வேறு ஆளாக இருந்தார்.

"ராக்கெட்டுன்னா மொதல்ல சத்தம் வரும், அப்பால அதிரும். இது சத்தமே இல்லாம ஆட்டுது." ஒரு விநாடி ஃபேனைப் பார்த்தார். "இன்னும் நிக்கல பாரு. எவ்ளோ நேரமா ஆடுது?"

யாரும் மணி பார்க்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கும் என்றான் நண்பன்.

"அப்ப தூரத்துல பெருசா ஆயிருக்குது. பையை எடு."

* * *

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பை. போகிற வழியில் அதை என் கையில் கொடுத்ததால் உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ரேஷன் கார்டு, வோட்டர் அட்டைகள், பாங்க் பாஸ் புக், வீட்டு ஒதுக்கீட்டுக் காகிதம், நண்பனின் பி.காம். சர்டிபிகேட் ஒரிஜினல், படகு இன்ஜின் கடன் ரசீது. எல்லாம் பிளாஸ்டிக் கவர் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி. அப்புறம் ஒரு டார்ச், ஒரு பாட்டில் தண்ணீர், ஆயாவின் வெற்றிலை.

நானும் பி.காம். படித்தவன்தான். சொத்து எது, கடன் எது என்று மூன்று வருஷம் எழுதி எழுதிப் பழகியவன். இத்தனை சுருக்கமான பாலன்ஸ் ஷீட்டை அதுவரை பார்த்ததில்லை. நகை இல்லை, புடவை இல்லை. ஏன் என்று நண்பனைக் கேட்டேன்.

"2004-ல நாங்க கட்டின துணியோட ஓடியாந்தோம். நிவாரணம் குடுக்க வந்தவங்க மொதல்ல கேட்டது ரேஷன் கார்டு. கார்டு கடல்ல போச்சுன்னு சொன்னா, நீதான் அந்த ஆளுன்றதுக்கு இன்னா சாட்சின்னாங்க. நான் நான்தான்னு நிரூபிக்கவே ஒரு மாசம் ஆச்சு. அதுலேர்ந்து இந்தப் பை இந்த ஆணியிலதான் தொங்கும்."

தெருவில் அதற்குள் ஆட்கள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். நடந்தார்கள், ஓடவில்லை. யார் எந்தக் கிழவரைப் பிடித்துக்கொள்வது, யார் எந்தக் குழந்தையைத் தூக்குவது என்றெல்லாம் அங்கே கேள்வியே வரவில்லை. பாடு முறை மாதிரி இதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஊருக்குள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடம். மாடி உண்டு. எல்லோரும் அங்கே போனோம். ஏரியில் நாலைந்து படகுகள் அந்தக் கரையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தன.

செல்போன் லைன் கிடைக்கவில்லை. எப்படியோ ஒரு எஸ்.எம்.எஸ். மட்டும் பிழைத்து வந்து சேர்ந்தது. எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் அனுப்பியது: 'பில்டிங் ஆடிச்சு. எல்லாரும் கீழ இறங்கிட்டோம். உங்களுக்குத் தெரிஞ்சுதா?' பார்த்தீர்களா, அதே கேள்வி! அன்று சென்னையில் மாடி ஆபீஸ்களிலிருந்து இறங்கியவர்கள் நேராக அந்தக் கட்டடத்தின் காலடியிலேயே கும்பலாக நின்று, அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். விழுந்தால் எங்கே விழும் என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

ஒருவர் செல்போனில் ரேடியோ போட்டார். சுமத்ரா பக்கம் கடலில் பெரிய நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை என்றது. முற்றத்தில் ஒரு பெரிய மூச்சு எழுந்து அடங்கியது. ஆயாவின் கணக்கு சரி.

* * *

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ரொம்ப எளிமையான கணக்குதான்.

அன்று இந்திய நேரப்படி மத்தியானம் 2.08-க்கு வட சுமத்ராவின் மேற்கே கடலுக்கடியில் பூமி நழுவியது. ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும் கணக்கில் 8.6. அங்கிருந்து நமக்குச் சுமார் 1,900 கிலோமீட்டர். பூமிக்குள் ஓடி வருகிற ஆட்டம் இவ்வளவு தூரத்தைச் சில நிமிஷங்களில் கடந்துவிடும். வருகிற வழியில் வேகமான உதறல்களெல்லாம் செத்துப் போய், நீளமான, நிதானமான ஆட்டம் மட்டும் மிஞ்சும். அதனால்தான் ஃபேனும், குடத்துத் தண்ணீரும், உயரமான கட்டடங்களும் அதைக் காட்டிக் கொடுக்கின்றன. தெருவில் நடப்பவருக்குத் தெரிவதில்லை.

கடல் அலை அவ்வளவு வேகம் கிடையாது. ஆழ்கடலில் ஜெட் விமானம் மாதிரி மணிக்கு எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் வேகம்தான். 2004-ல் காலை 6.28-க்கு அங்கே பூமி ஆடியது. சென்னைக் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணியை ஒட்டி. நடுவே இரண்டரை மணி நேரம்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து திண்டிவனமே போய்விடலாம். மூன்று மணி நேரப் படத்துக்கு இன்டர்வெல் தாண்டிவிடும். நடக்க முடியாத கிழவியைக்கூட முதுகில் தூக்கிக்கொண்டு, வழியில் டீ குடித்து, பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேரலாம். அவ்வளவு நேரம் நம் கையில் இருந்தது. ஆனால் தரை ஆடியதற்கும் கடலுக்கும் சம்பந்தம் உண்டு என்று நம் கரையில் யாருக்கும் தெரியாது. பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை மையம் 1949-லேயே ஹவாயில் வந்துவிட்டது. இந்துமகா சமுத்திரத்துக்கு ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய எட்டாயிரம் பேர் போனார்கள். அதில் ஆறாயிரம் நாகப்பட்டினம் மாவட்டத்தில்.

* * *

பள்ளிக்கூட மாடியில் ஒரு சிக்கல் வந்தது.

நண்பனின் சித்தப்பாவுக்கு நாற்பது வயசிருக்கும். திடகாத்திரமான ஆள். அவருடைய ஃபைபர் படகு அந்தக் கரையில், கடலோரம் கிடந்தது. இன்ஜின் அதில்தான். கடன் பாதிகூட அடையவில்லை. ரசீதுதான் என் கையில் இருக்கிறதே! மணி மூன்று. "அலை வர்றதுக்கு நாலே முக்கா ஆவும். நான் போய் இன்ஜினைக் கழட்டிக்கினு நாலு மணிக்குள்ள வந்துர்றேம்மா" என்றார். இன்னும் இரண்டு பேர் கிளம்பத் தயாராக நின்றார்கள்.

கணக்குப்படி பார்த்தால் தப்பில்லை. நேரம் இருக்கிறது, தூரம் குறைவு, பொருளின் விலை அதிகம். கணக்குப் பிள்ளையான எனக்கே 'போகலாமே' என்றுதான் தோன்றியது.

ஆயா ஒன்றும் பேசவில்லை. சித்தப்பாவின் சட்டை நுனியை எட்டிப் பிடித்துக்கொண்டார். "வுடும்மா" என்று இவர் இழுக்க, அவர் இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்தார். பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஸ்கூல் வாசலில் அழுகிற பிள்ளையும் அம்மாவும் மாதிரி. இரண்டொரு பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

"இன்ஜின் போனா திரும்ப வாங்கலாம்டா. உங்கண்ணனும் இதான சொல்லிட்டுப் போனான், 'தோ வந்துர்றேன்'னு."

சிரிப்பு நின்றுவிட்டது. சித்தப்பா அப்படியே உட்கார்ந்தார். ஆயா என் பக்கம் திரும்பினார். நான் வெளியூர்க்காரன், எனக்குத் தெரியாதே என்ற எண்ணமோ என்னவோ. அந்தக் கதையைச் சொன்னார்.

"அன்னிக்குக் காலையில பரண் மேல ஏனமெல்லாம் கலகலன்னுச்சு தம்பி. பூனைன்னு நெனச்சேன். 'சூ'ன்னு வெரட்டிட்டு டீ போட்டேன். இவங்கண்ணன் டீ குடிச்சிட்டு, கரையில குந்தி வலை பொத்திக்கினு இருந்தான். ஒம்போது மணி வாக்குல தண்ணி உள்ள வந்துச்சு. முட்டி அளவுக்குத்தான். எல்லாரும் ஓடியாந்துட்டோம், அவனும் வந்துட்டான். தண்ணி அப்படியே வடிஞ்சு கடல் எங்கியோ உள்ள போயிருச்சு. 'வலை கெடக்குதும்மா, தோ வந்துர்றேன்'னு போனான். ரெண்டாவது ஒண்ணு வந்துச்சு பாரு..."

அவ்வளவுதான் சொன்னார். நண்பன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். மூன்று வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போகலாம் என்று நாங்கள் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லி நழுவியவன்.

அந்த வீட்டில் அன்று தொலைந்தது இரண்டு வாய்ப்பு. ஒன்று, பூனை என்று நினைத்த அந்த இரண்டரை மணி நேரம். இரண்டாவது, முதல் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே இருந்த இடைவெளி. சுனாமி என்பது ஒற்றை அலை கிடையாது. வரிசையாக வரும், முதலாவதே பெரியதாக இருக்க வேண்டுமென்ற அவசியமும் இல்லை. கரையிலிருந்த பலர் வலையையும் படகையும் பார்க்கத் திரும்பிப் போனபோதுதான் போனார்கள். அந்த நேரத்தில் ஆழ்கடலில் தொழிலுக்குப் போயிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கே அது உயரம் குறைந்த வீக்கமாகப் படகுக்கு அடியில் போய்விடுகிறது. கரை கிட்டே ஆழம் குறையக் குறையத்தான் வேகம் தணிந்து எழும்பி நிற்கிறது.

* * *

மணி நாலே கால் தாண்டியது. எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மறுபடி ஆடியது.

மாடி என்பதால் இந்தத் தடவை யாருக்கும் சந்தேகமில்லை. பெஞ்சு மேல் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் விழுந்து உருண்டது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. 4.13-க்கு அதே இடத்தின் பக்கத்தில் 8.2 அளவில் இன்னொன்று.

இன்னும் அரை மணி நேரம், அப்புறம் வீட்டுக்குப் போகலாம் என்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் அது. ஆயா விரல் மடக்கி எண்ணினார். "இனிமே ஏழு மணி" என்றார். புதுசாக வந்ததற்குப் புதுக் கணக்கு! கடிகாரத்தை முதலிலிருந்து திருப்பி வைத்தாயிற்று. சித்தப்பாவின் சட்டை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக. அவர் பாத்ரூம் போனபோது மட்டும், பேரனைக் கூடவே அனுப்பினார்.

நாலே முக்கால் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. ஜன்னலில் தெரிந்த ஏரி, கண்ணாடி மாதிரி சும்மா கிடந்தது. நாரைகள் வழக்கம்போல் ஒற்றைக்காலில் நின்றன. யாரோ ஒரு வீட்டிலிருந்து டிரம்மில் டீ வந்தது. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் முறுக்கு விநியோகம் செய்தார். பொழுது சாய்ந்த பிறகு, ரேடியோவும் அதிகாரிகளும் எச்சரிக்கை வாபஸ் என்று சொன்ன பிறகுதான் ஆயா எழுந்தார். சட்டையை விட்டார். நுனி கசங்கி, சுருட்டிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது.

அலை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2004-ல் ஒரு பாறைத் தட்டு இன்னொன்றின் மேல் எம்பி, கடலின் தரையையே தூக்கிவிட்டது. தரை எழும்பியதும் மேலே இருந்த தண்ணீரும் எழும்பியது. 2012-ல் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நழுவின. மேஜை மேலிருக்கும் தாம்பாளத்தை அடியிலிருந்து குத்தினால் தண்ணீர் கொட்டும். மேஜைத் துணியை லேசாக நகர்த்தினால் தளும்புவதோடு சரி. அப்படிப் பக்கவாட்டில் நழுவிய நிலநடுக்கங்களில் கருவிகள் பதிவு செய்தவற்றிலேயே மிகப் பெரியது இதுதான். ஹைதராபாத்தில் 2007 அக்டோபரிலிருந்து நமக்கே சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. கடலடி அழுத்தமானிகளையும் கரையோரக் கடல்மட்டக் கருவிகளையும் பார்த்துத்தான் அவர்கள் அபாயம் இல்லை என்று சொல்ல முடிந்தது.

ஆனால் 2.15-க்கு ஆயாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தட்டு எம்பியதா, நழுவியதா என்று கண்டுபிடிப்பது விஞ்ஞானிகள் வேலை. அவர்கள் கண்டுபிடித்துச் சொல்கிற வரைக்கும் மேட்டில் உட்கார்ந்திருப்பது நம் வேலை.

திரும்பும் வழியில் ஒரு இளவட்டம் சலித்துக்கொண்டான்: "இன்னா ஆயா, ஒண்ணுமே வர்ல. ஒரு நாள் பொழப்பு போச்சு."

ஆயா சொன்னார்: "வர்லன்னு வருத்தப்படுறியா நீ?"

* * *

சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமுலு என்றொரு தீவு. 2004 நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு மிக அருகில் இருந்த ஜனங்கள் அவர்கள்தான். அவர்களுக்கு இரண்டரை மணி நேரமெல்லாம் கிடையாது, சில நிமிஷங்கள்தான். எழுபத்தெட்டாயிரம் பேர் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். காரணம், 1907-ல் அங்கே ஒரு பெரிய அலை வந்து ஊரையே அழித்திருந்தது. அன்றிலிருந்து பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தார்கள்: பூமி பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு. அதற்கு 'ஸ்மோங்' என்று ஒரு சொல்லே வைத்திருந்தார்கள். தொண்ணூற்றேழு வருஷம் கழித்து அந்தச் சொல் வேலை செய்தது.

நமக்கு 2004 வரைக்கும் பேச்சில் அப்படி ஒரு சொல் இல்லை. அப்புறம் ஜப்பான்காரர்களிடமிருந்து 'சுனாமி' வந்தது, 'ஆழிப்பேரலை' வந்தது. இப்போது தள்ளுபடி விற்பனைக்கும் சுனாமி, தேர்தல் வெற்றிக்கும் சுனாமி என்று போஸ்டர் ஒட்டுகிறோம். 2004-ல் பிறந்த குழந்தைக்கு இன்று வோட்டே வந்துவிட்டது. அந்தக் காலையில் பரண் மேல் ஏனம் கலகலத்ததை அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

பழவேற்காட்டு ஆயா இரண்டு வருஷத்துக்கு முன் காலமானார், படுக்கையில், நல்லபடியாக. மஞ்சள் பை அதே ஆணியில்தான் தொங்குகிறதாம். நண்பனின் பையனுக்கு இப்போது ஆறு வயசு. அதை எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறான்.

உங்களில் யாராவது மெரினாவிலோ மகாபலிபுரத்திலோ வேளாங்கண்ணியிலோ இருக்கும்போது என்றைக்காவது தரை ஆடலாம். "உனக்குத் தெரிஞ்சுதா?" என்று தாராளமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மாட்டேன். கூடவே ஆயாவின் கேள்வியையும் கேளுங்கள்: "எவ்ளோ நேரம் ஆடிச்சு?" ரொம்ப நேரம் என்று பதில் வந்தால், கடலுக்கு முதுகைக் காட்டி நடக்க ஆரம்பியுங்கள். செல்போனில் செய்தி வருகிறதா என்று பார்ப்பதை நடந்துகொண்டே பார்க்கலாம். செருப்பு, பைக், வலை, இன்ஜின் எதற்காகவும் 'தோ வந்துர்றேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.